பூச்சி அரித்த கத்தரிக்காய்

20/11 வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். ஏரிக்காற்று. மிஷின் பெல்ட் ஈரத்தில் வழுக்குகிறது. ரவிக்கை இரண்டு, கொக்கி மட்டும் பாக்கி. டீச்சரம்மா சுடிதார் நாளைக்குக் கட்டாயம்.

இந்த நோட்டில் முன்பக்கம் அளவுகள், பின்பக்கம் என் புலம்பல். யாரும் படிக்கப் போவதில்லை. என்னைக் கட்டியவர் பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்தைத் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை.

தங்கை மலர் வந்து ஒன்பது நாள். ஐந்தாம் மாதம். அம்மா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். புருஷன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் டிரைலர் ஓட்டுகிறான், ஞாயிறு மட்டும் வருவான். இதற்கு முன் இரண்டு முறை தரித்து இரண்டும் கலைந்துபோயின. இது மூன்றாவது.

சாப்பிடமாட்டேன் என்கிறாள். வாந்தியில்லை, மயக்கமில்லை. பயம். போனில் ஒருவன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு முட்டைக்கோஸை வெட்டி, தண்ணீரில் போட்டு, மிதக்கும் நுரையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறான். இவள் அதையே நாள் முழுக்கப் பார்க்கிறாள். கோஸ் ஒதுக்கியாயிற்று. காலிஃப்ளவர், திராட்சை, ஆப்பிள், பீன்ஸ், எல்லாம் ஒதுக்கியாயிற்று. நேற்று வெறும் சோறும் ரசமும்.

"மருந்தெல்லாம் நேரா கர்ப்பப்பைக்குத்தான் போவுமாம்க்கா. போன ரெண்டும் அதனாலதான் போச்சோ இன்னாவோ."

அவளை விட்டுவிட்டு அந்தக் கோட்டுக்காரனைத் தேடிப்போய் அறைய வேண்டும்.

இன்று நர்ஸம்மா எடை பார்த்தார். போன மாதம் நின்ற இடத்திலேயே முள் நின்றது. "இப்டியே போனா நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். அங்க போய்ப் படுத்துக்கினு குளுக்கோஸ் ஏத்திக்க, சரியா?" ம. அழுதுகொண்டே வந்தாள். (இனி ம. என்றே எழுதுகிறேன்.)

மருந்தடிக்காத காயாக நான் தேடி வாங்கித் தருகிறேன், நீ வாயைத் திற என்று சொன்னேன். "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன். எங்கே விற்கும் என்று கூடத் தெரியாது.

21/11 வெள்ளி

டவுனில் இயற்கை அங்காடி. உள்ளே குளுகுளு. ஊதுவத்தி வாசனையும் பினாயில் வாசனையும் ஒன்றாக. தக்காளியைப் பிளாஸ்டிக் பெட்டியில், பஞ்சு விரித்து, பிரசவமான பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். ஐந்து தக்காளி. விலையைப் பார்த்தேன். இரண்டாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

முருங்கைக்கீரை கூட ஒரு கட்டு, பச்சை ரிப்பன் கட்டி. எங்கள் தெருவில் ஆடு தின்று கழித்த கீரை. எங்கள் மண் உப்பு மண், முருங்கையும் வேம்பும் தவிர ஒன்றும் வராது, ம. முருங்கை தின்று தின்று அதன் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறாள். இங்கே ரிப்பன்.

கடைப்பெண் என் செருப்பைப் பார்த்தாள். செருப்பில் ஏரிச்சேறு. "ஆஃபர் வெளிய கூடையில இருக்குக்கா" என்றாள். வெளிக்கூடையில் வாடிப்போன பீர்க்கங்காய்.

அரைக்கிலோ கேரட் வாங்கி வந்தேன். நம்மைப் போன்ற வீட்டுக்கு இது வாரம் ஒரு நாள்கூடக் கட்டாது. என் மகள் பாப்பாவின் முட்டையை நிறுத்தினால் வாரம் இரண்டு நாள் கட்டும். நிறுத்திவிட்டேன். பாப்பா ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு நூடுல்ஸ் போதும். கேட்காததுதான் வலிக்கிறது.

23/11 ஞாயிறு

மழை விட்டு விட்டு. நெடுஞ்சாலை ஓரம் ஒரு தள்ளுவண்டி. அட்டையில் "செக்போஸ்ட் தாண்டி வந்த ஆந்திரா இயற்கை காய்". அங்காடி விலையில் பாதி.

எனக்குக் காய் பார்க்கத் தெரியாது. மீன் பார்க்கத் தெரியும். ஈ உட்கார்ந்தால் நல்ல மீன், ஈ ஒதுங்கினால் அதில் மருந்து. பிறந்ததிலிருந்து அந்தக் கணக்குத்தான். அதையே இங்கேயும் போட்டேன். பூச்சி தின்ற காய் மனுஷனும் தின்னும் காய். ஓட்டை விழுந்த கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கினேன். வண்டிக்காரன் வாயைப் பிளந்து பார்த்தான்.

"ஓட்ட காயா பாத்து எடுக்கறீங்களேக்கா."

"பூச்சி வந்தாதானப்பா மருந்தடிக்கலன்னு அர்த்தம்."

"கரெக்டுக்கா. நீங்கதான் வெவரம்."

ம. ஓட்டையை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. எண்ணெய்க் கத்தரிக்காய், கொஞ்சம் சோறு, பிறகு இன்னும் கொஞ்சம். நான் அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தேன்.

26/11 புதன்

த்தூ.

மறுபடி அந்த வண்டிக்குப் போனேன். அட்டை மாறியிருந்தது: "பூச்சி உள்ள ஒரிஜினல் இயற்கை கத்தரி". விலை ஏறியிருந்தது. என் வாயாலேயே அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பைக்கில் வந்த ஒரு வாத்தியார் மாதிரி ஆள் ஓட்டை ஓட்டையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கடையில் நல்ல காய் விற்கிறார்கள். அந்தக் கடைக்கார அம்மா சொத்தையைப் பொறுக்கிக் கோணியில் போட, வண்டிக்காரன் அந்தக் கோணியை இழுத்துத் தன் கூடையில் கவிழ்த்தான். என் கண் முன்னாலேயே. கொழகொழவென்று ஒன்று உடைந்து அவன் கையில் வழிந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, உங்குளுக்குன்னே எடுத்து வச்சேன்" என்கிறான்.

"இது அந்தக் கடை குப்பைதானே?"

"பூச்சி இருக்கா இல்லியா? நீங்க கேட்டது பூச்சிதானேக்கா."

வாயில் எச்சில் ஊறியது, துப்பிவிட்டு வந்தேன். மருந்தில் குளித்த காயிலும் ஒன்றிரண்டு பூச்சி தப்பித்துக்கொள்ளும் போலிருக்கிறது. மீன் கணக்கு காய்க்கு வராது என்று இப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தரியில் இருந்த புழுவை நறுக்கி எறிந்தது நினைவு வந்து, வழியெல்லாம் குமட்டல். ம.வுக்குக்கூட இல்லாத குமட்டல்.

ம.விடம் சொல்லவில்லை. கடை மூடியிருந்தது என்றேன்.

28/11 வெள்ளி

ஒரு விடிவு கிடைத்த மாதிரி.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஒருத்தி சொன்னாள்: ஆரம்பாக்கம் தாண்டி உள்ளே, ரமணம்மா என்று ஒருத்தி ஒரு ஏக்கரில் பத்து வருஷமாக மருந்தில்லாமல் காய் போடுகிறாளாம். ஷேர் ஆட்டோ, பிறகு நடை. வரப்பெல்லாம் சேறு. நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு, வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

நான் நம்பவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன், மருந்து டப்பா ஏதாவது தெரிகிறதா என்று. மூலையில் கிடந்த டின்னைத் தூக்கி மோந்தேன். மாட்டு மூத்திரம், செடிக்கு ஊற்ற. மூக்கு எரிந்தது.

"இன்னாம்மா, போலீசா நீயி?" என்றாள் ரமணம்மா. கோபமில்லை.

"ரெண்டு தடவை ஏமாந்துட்டேன். எந்தங்கச்சி புள்ளத்தாச்சி."

விஷயம் முழுக்கச் சொன்னேன். கலைந்ததையும் சொன்னேன், யாரிடமும் சொல்வதில்லை, அவளிடம் ஏன் சொன்னேன் தெரியவில்லை. அவள் கீரையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள். காய் விலை சொன்னாள். அங்காடியைவிடக் குறைவு, ஆனாலும் எனக்குக் கட்டாது. முகத்தில் தெரிந்திருக்கும்.

"நீங்க ஏரிக்கரை ஆளுங்கதானே? வூட்ல கருவாடு போடறீங்களா?"

"போடறோம்."

"உப்பு போடாம காயவச்ச பொடிமீனு வாரம் மூணு கிலோ கொண்டாந்து குடு. காய் எவ்ளோ வேணுமோ எடுத்துக்கினு போ. காசு வேணா."

எங்கள் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகக் கூடையில் மீன் கொண்டுபோய் நெல்லுக்கும் காய்க்கும் மாற்றி வந்தவர்கள்தான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தையல்காரி ஆனதும் புத்தி துணியோடு போய்விட்டது.

வாரம் மூன்று கிலோ. எத்தனை வாய் இருக்கிறது அந்த வீட்டில்? வாங்கி விற்றுக் காசாக்குவாளாயிருக்கும். செய்யட்டும். எனக்கென்ன.

வரும்போது பசலை, வெண்டை, கத்தரி. கத்தரியில் ஓட்டை இருந்தது. இந்தத் தடவை அதை வைத்து நான் ஒன்றும் முடிவுகட்டவில்லை.

3/12 புதன்

நல்ல மழை. கரையில் அவர் தார்ப்பாய் மூடி மூடி எடுக்கிறார், மீன் காய்வேனா என்கிறது. கருவாட்டு வேலை முழுக்க அவரும் அவர் அண்ணனும்தான். நான் அந்தப் பக்கம் போவதில்லை, துணியில் வாசனை ஏறினால் தைக்கக் கொடுத்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். கேட்டதும் காரப்பொடி மீன் மூன்று கிலோ கோணியில் கட்டிக் கொடுத்தார். "காய்க்கு மீனா? ஜோரு. காய்க்காசு மிச்சம்."

ம. பசலைக்கீரைக் கடைசல் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

போனில் கோட்டுக்காரன் இப்போது உப்பில் மருந்து என்கிறான். போனைப் பிடுங்கி மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

9/12 செவ்வாய்

ஆரம்பாக்கம் போய் வந்தேன். ஷேர் ஆட்டோவில் எல்லோரும் என் கோணியை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். ஒருவன் கைக்குட்டையை மூக்கில் வைத்தான். ராத்திரி இதையே வறுத்துக் கொடுத்தால் விரலை நக்குவான்.

அவரை, முள்ளங்கி, தண்டுக்கீரை.

டீச்சரம்மா சுடிதார் இடுப்பு பிடிக்கிறதாம். நான் அளந்த இடுப்பு இல்லை அது இப்போது.

19/12 வெள்ளி

மார்கழிப் பனி. ஏரியில் நாரை கூட்டமாக. பார்க்கக் காரில் வருகிறவர்கள் கரையில் எறிந்துவிட்டுப் போகும் பிரியாணிப் பெட்டிகள். எலும்பு, எச்சில், நாய். காலை வைக்க இடமில்லை.

எடை ஏறியது. நர்ஸம்மா முள்ளைக் காட்டினார். "இன்னா குடுக்கறீங்க?" "தோட்டத்துக் காய்" என்றாள் ம., பதக்கம் வாங்கின மாதிரி. ஆஸ்பத்திரிக்கு எழுதமாட்டேன், இப்படியே போங்க என்றார்.

வீட்டுக்கு வந்து நான் கொஞ்சம் அழுதேன். மிஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு மறுபடி முட்டை.

2/1 வெள்ளி

புது வருஷம் வந்துவிட்டது. நேற்று கேக் என்று ஒன்று கொண்டுவந்தார், மேலே பச்சை நிறத்தில் சோப்பு நுரை. ம. தொடவில்லை. நானும் தொடவில்லை. அவரே முழுக்கத் தின்றார்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டு வாரமாக ரமணம்மா காயில் ஓட்டையே இல்லை. கத்தரி பளபளவென்று. பசலை இலை கண்ணாடி மாதிரி. முதலில் பாதி இலை சல்லடையாக இருக்கும், நான் ஆய்ந்து எறிவேன். இப்போது ஒரு இலை போகவில்லை.

ஓட்டை இருந்தால் நல்ல காய் என்று நம்பினது பிசகுதான். அதற்காக ஒரு ஓட்டைகூட இல்லாமலா?

ஆரம்பத்தில் ஒழுங்காகக் கொடுத்து, பழகின பிறகு மாற்றுகிறாளா? எல்லோரும் அப்படித்தானே. நாளைக்குப் போய் நேராகக் கேட்கப்போகிறேன்.

3/1 சனி

கேட்டேன். வரப்பில் நின்றபடியே, வணக்கம் கூடச் சொல்லாமல்.

"மருந்தடிக்கிறீங்களா?"

ரமணம்மா முகம் சுண்டிப்போயிற்று. கதிரரிவாளைக் கீழே போட்டாள். "எங்க நைனா மேல ஆணையா சொல்றேன், இந்த மண்ணுல ஒரு சொட்டு மருந்து வுயுந்ததில்ல. வா இப்பிடி. நீ மோந்து பாக்குற ஆளுதானே, வந்து மோந்து பாரு."

கொட்டகைக்குப் பின்னால் நீல டிரம். மூடியைத் திறந்தாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். கறுப்பாக, திக்காக, மேலே நுரை கட்டி. உள்ளே மீன் முள் மிதக்கிறது.

"இது இன்னா?"

"நீ குடுத்த மீனுதான். வெல்லம் போட்டு பத்து பன்னண்டு நாளு ஊறவச்சு, தண்ணில கலந்து செடிக்கு அடிக்கறோம். பச்சமீன் கழிவுதான் கேட்டுக்கினு இருந்தேன், நாறுதுன்னு யாரும் எடுத்தாறல. உங்க கருவாடு நல்லா வேல செய்யுது. இந்த வருஷம் மாதிரி செடிய நான் பாத்ததே இல்ல. ஒரு பூச்சி அண்டல."

"நீங்க சாப்புடறதுக்குன்னு நெனச்சேன்."

"வாரம் மூணு கிலோ துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" சிரித்தாள்.

நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்டேன். டிரம்மை மோந்தும் பார்த்தேன், அவள் சொன்ன மாதிரி அழுகல் வாசனைக்கு அடியில் ஏதோ பழ வாசனை. நம் மீன் போய்ச் செடியாகி, காயாகி, ம. தட்டுக்கு வருகிறது. சந்தோஷமாக இருந்தது. ஒன்றரை மாதத்தில் இன்றுதான் யார்மேலும் அருவருப்பில்லாமல் ஒரு வேலையிலிருந்து திரும்பி வந்தேன்.

5/1 திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வெயில் வந்தது. அவர் காலையிலிருந்து கரையில், சாப்பாட்டுக்கு வரவில்லை. தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போனேன். பழைய வலையை விரித்து அதன்மேல் பொடிமீன் பரப்பியிருந்தது, எங்கள் வீட்டு நீளத்துக்கு. அவர் கைகழுவப் போனார். வாளியைத் திறந்து வைத்தேன். உடனே ஈ. குழம்பின்மேல் நான்கு, விளிம்பில் ஆறேழு. விரட்டிக்கொண்டே இருந்தேன்.

வாளியிலிருந்து இரண்டு முழம் தள்ளி அத்தனை மீன் காய்கிறது. அதன்மேல் ஒரு ஈ இல்லை.

குனிந்து பார்த்தேன். எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நான்கு செத்து மணலில் கிடந்தன.

அவர் வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை.

"மயயில வேற இன்னா பண்ண சொல்ற? ரெண்டு நாளு காயலன்னா புயு வச்சிருது. புயு வச்சா யாவாரி எடுப்பானா? மாட்டு உண்ணிக்குப் போடுவாங்களே, அந்தப் பொடிதான். சும்மா ஒரு தூவு."

"எப்பலேந்து?"

"மய ஆரம்பிச்சதுலேந்து. நம்ம வூட்டுக்குத் துன்றதுதான் கூரமேல தனியா காயுதே. அதுல போடுவனா? நான் இன்னா கொலகாரனா?"

"எனக்குக் கோணில கட்டிக் குடுத்தீங்களே, அது?"

"அது வெளிய மாத்துக்குப் போறதுதானே. அதுக்கு எதுக்கு வூட்டு மீனு?"

சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் சொன்னேன். மீன் எங்கே போகிறது, டிரம், வெல்லம், செடி, இலை, ம. தட்டு, வரிசையாக. சொல்லி முடிக்கும்போது அவர் கை நின்றிருந்தது. வாயிலிருந்த சோற்றை மணலில் துப்பினார். அதில் ஒன்றும் இல்லை, வீட்டுச் சோறுதான். ஆனாலும் துப்பினார்.

"எனக்கு இன்னாத் தெரியும்" என்றார். திரும்பத் திரும்ப அதே.

இருவருக்கும் தெரியாதுதான். வெளியே போகிற மீனுக்கு ஒரு நியாயம், வீட்டு மீனுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருந்தோம். வண்டிக்காரனை த்தூ என்று துப்பின வாய் இது. அவன் விற்றது வெறும் சொத்தை.

ம. ராத்திரி பசலைக் கடைசலுக்குக் காத்திருந்தாள். பால் பொங்கி அதில் கொட்டிவிட்டது என்று சொல்லிக் கீரையை வெளியே வீசினேன். முட்டை உடைத்து ஊற்றினேன். பாப்பாவுடைய முட்டை.

எவ்வளவு போயிருக்கும் உள்ளே? யாரிடம் கேட்பது? நர்ஸம்மாவிடம் கேட்டால் முதல் கேள்வி, யார் கொடுத்தது.

6/1 செவ்வாய்

வெயில். ஆரம்பாக்கம். கோணி இல்லாமல் வெறுங்கையோடு போனேன்.

ரமணம்மா என் முகத்தைப் பார்த்ததும், "தங்கச்சிக்கு இன்னாச்சு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, பொடியைப் பற்றிச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு டிரம்மைப் பார்த்தாள். விரலால் கணக்குப் போட்டாள்.

"ஒரு டேங்க் தண்ணிக்கு ஒரு டம்ளர்தான் ஊத்தறேன். அதுல இன்னா வந்துரும்?"

"தெரியாதும்மா."

"மயவேற பேஞ்சுது. கயுவிக்கினு போயிருக்கும்."

"தெரியாதும்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொங்கலுக்கு மெட்ராஸ்காரங்க ரெண்டு வேன் எடுத்தாறாங்க. அவர, பூசணி, கத்திரி, எல்லாம் சொல்லி வச்சுட்டாங்க. எம்பொண்ணு காலேஜுக்குக் கட்ட வேண்டியது அது." என் கையைப் பிடித்தாள். "இனிமே அந்த டிரம்ம தொடமாட்டேன். இன்னிக்கே கவுத்துடறேன். நீ யாராண்டயும் சொல்லிடாத."

அவளைப் பார்க்க அருவருப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள்மேல் வரவில்லை. மாட்டு மூத்திரம் எரிகிற மூக்கோடு பத்து வருஷம் ஒழுங்காக இருந்தவள். அவளுக்கு இந்தப் பொய்யைக் கோணியில் கட்டிச் சுமந்துபோய்க் கொடுத்தது நான்.

கவுத்தால் மண்ணுக்குள்தானே போகும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பழக்கத்தில் பையை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதுவும் பழக்கம். ரோடு ஏறும் இடத்தில் பள்ளத்தில் கொட்டினேன். ஒரு ஆடு ஓடிவந்து வாயை வைத்தது. விரட்டினேன். திரும்பி வந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே கல்லை வைத்து, ஆட்டையும் ரோடு தாண்டி ஓட்டிவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் அவர் பொடி டப்பாவை எடுத்துப் புதைத்துவிட்டேன் என்றார். கரையில் காய்ந்த மீன்? அதைக் காலையிலேயே வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். "சொல்றதுக்குள்ள லோடு ஏத்திட்டான்" என்றார். என் கண்ணைப் பார்க்காமல்.

நான் கேட்கவில்லை.

7/1 புதன்

பனி விலக நேரமாயிற்று. ரவிக்கை நான்கு, எல்லாம் பொங்கலுக்கு.

டவுன் மார்க்கெட். சாதாரணக் கடை. அவரை, சௌசௌ, கொஞ்சம் கீரை. எங்கிருந்து வந்தது, யார் என்ன அடித்தார்கள், கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்வார்கள். பஸ்ஸில் வரும்போதே பழைய துணிப்பைக்கு மாற்றிக்கொண்டேன், ரமணம்மாவிடம் எடுத்துப் போகும் பை.

உப்பு, மஞ்சள், ஐந்து தண்ணீர். கீரையை ஒவ்வொரு இலையாக.

மத்தியானம் நர்ஸம்மா வந்தார். இன்னும் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. நெஞ்சுத்துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்க வாயெடுத்தேன். ம. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றேன்.

ம. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவரைக்காய்ப் பொரியல், தேங்காய் தூக்கலாக.

"தோட்டத்துதானேக்கா?"

"பின்ன?" என்றேன்.

"கொயந்த பொறந்ததும் அந்தத் தோட்டத்தம்மாக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுக்கணும்."

"குடுக்கலாம்."

தின்றாள். வேகமாக, பேசாமல், சின்ன வயதில் தின்ற மாதிரி. தட்டை மறுபடி நீட்டினாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அக்கா, ஒதைக்குது. இந்தா, கைய வச்சுப் பாரேன்" என்றாள்.

"கை ஈரம்" என்று சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.